அவர்கள் சொல்லட்டும், நாம் கேட்போம்!



எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கும் எந்த முஸ்லிம் வீட்டிலும் வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கும் காரியம் ஒன்று உண்டு. அஸர் தொழுதுவிட்டு அமர்ந்திருக்கும் வாப்பா, பக்கத்தில் வரும் மகனைப் பார்த்து, "நான் மௌத்தான பிறகு..." என்று பேச்சைத் தொடங்குவார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடும். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க வாப்பா, நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்பான் மகன். "நல்ல வெள்ளிக்கிழமையும் அதுவுமா இந்தப் பேச்சு எதுக்கு?" என்பாள் மருமகள். பெரியவர் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொள்வார். பிள்ளைகளும் தம் அன்பைக் காட்டிவிட்டதாக நிம்மதியோடு போய்விடுவார்கள்.

அந்தச் சொல் அன்பிலிருந்துதான் வருகிறது; சந்தேகமில்லை. ஆயினும் அந்த அன்பு பெரியவரிடமிருந்து எதைப் பறித்துக்கொள்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தன் கடனைத் தீர்க்கவும், தன் அமானிதத்தை ஒப்படைக்கவும், தன் பிள்ளைகளுக்குக் கடைசி உபதேசம் சொல்லவும் மார்க்கம் அவருக்கு ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமையின் வாசலைத்தான் நாம் ஒரு புன்சிரிப்போடு அடைத்துவிடுகிறோம்.

நாமோ முப்பதுகளில் இருப்பவர்கள். எண்பதும் தொண்ணூறும் கண்ட பெரியவர்களுக்கு மௌத்தைப் பற்றி உபதேசம் செய்யும் தகுதி நமக்கு இல்லை. எனவே இந்தக் கட்டுரை அவர்களைவிட அவர்களுடைய பிள்ளைகளை நோக்கியே அதிகம் எழுதப்படுகிறது.

பெரியவர்கள் எதை நினைக்கிறார்கள்?

முதியவர்கள் மௌத்தை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள், எனவே அதை ஞாபகப்படுத்தக் கூடாது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். நோயாளிகளையும் முதியவர்களையும் அடிக்கடி சென்று பார்க்கும் ஆலிம்களுக்கும் மோதினார்களுக்கும் உண்மை தெரியும். மௌத்து அவர்களுக்குப் புதிய விருந்தாளி அன்று. தாயையும் தகப்பனையும் அடக்கியவர்கள். கூடப் பிறந்தவர்களை அடக்கியவர்கள். சிலர் பெற்ற பிள்ளையையே கப்ரில் இறக்கிவிட்டு மூன்று பிடி மண் போட்டவர்கள். பள்ளிவாசலில் தம்மோடு ஒரே ஸஃப்பில் நின்ற தோழர்கள் ஒவ்வொருவராகப் போய், இன்று தாம் மட்டும் நிற்பதை ஒவ்வொரு தொழுகையிலும் காண்கிறவர்கள். அவர்களுக்கு நாமா மௌத்தை ஞாபகப்படுத்த வேண்டும்?

அவர்கள் வாயிலிருந்து வருவதை உற்றுக் கேளுங்கள். "யாருக்கும் பாரமில்லாம, கெடையில விழாம, கலிமாவோட போய்ச் சேரணும்." இதுதான் பெரும்பாலோரின் துஆ. அவர்கள் அஞ்சுவது மௌத்தைவிட அதற்கு முன் வரக்கூடிய தள்ளாமையைத்தான். இந்த அச்சத்தில் குறை ஒன்றும் இல்லை. நீண்ட ஆயுள் கொடுக்கப்படுபவர் தம் படைப்பில் பின்னோக்கித் திருப்பப்படுகிறார் என்று யாஸீன் ஸூராவில் அல்லாஹு தஆலா உணர்த்துகிறான். அறிந்ததெல்லாம் மறந்துபோகும் அந்தத் தாழ்ந்த வயதுக்குத் திருப்பப்படுவதைவிட்டும் நம் பெருமானார் (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். அந்த துஆவை ஆசிரியர் மாணவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதுபோலத் தம் மக்களுக்குக் கற்பித்தவர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் என்று புகாரியில் வருகிறது.

அதற்கடுத்து அவர்கள் நினைப்பது சின்னச் சின்னக் காரியங்கள். என்னை யார் குளிப்பாட்டுவது? வளைகுடாவில் இருக்கும் மகன் வந்து சேரும்வரை என்னைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்களோ? இவளுக்கு நான் கொடுக்க வேண்டிய மஹர் பாக்கி என்னாவது? பேசாமல் இருக்கும் இரண்டு மக்களும் என் ஜனாஸாவிலாவது பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்களா? வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இவை சில்லறை விஷயங்கள். அந்தப் பெரியவருக்கோ இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் வராமல் செய்யும் விஷயங்கள்.

நபிமார்களின் வழி

இப்படிப் பேசுவது அபசகுனம் என்றால், நபிமார்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள். யஃகூப் (அலை) அவர்கள் முதுமையில், மௌத்து நெருங்கிய நேரத்தில் தம் மக்களை ஒன்றுகூட்டினார்கள். எனக்குப் பின் எதை வணங்குவீர்கள் என்று கேட்டார்கள். உங்களுடைய இறைவனும், உங்கள் மூதாதையர் இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக் (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகியோரின் இறைவனுமான ஏக நாயனையே வணங்குவோம் என்று மக்கள் உறுதி கூறினார்கள். பகரா ஸூராவில் அல்லாஹ் இந்தக் காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த மக்களின் அதபு. "இப்போது அதெல்லாம் எதற்கு வாப்பா? நீங்கள் நன்றாகிவிடுவீர்கள்" என்று அவர்கள் பேச்சைத் திருப்பவில்லை. கேட்ட கேள்விக்கு நேரடியாக, தகப்பனின் மனம் குளிரும்படி பதில் சொன்னார்கள். யூஸுப் (அலை) அவர்களுக்குத் துரோகம் செய்து, பின் தவ்பாச் செய்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. எத்தனையோ கண்ணீருக்குப் பின் அந்தக் குடும்பம் ஒரே வார்த்தையில் ஒன்றுபட்டு நின்ற நேரம், தகப்பனின் கடைசி நேரம். நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படி ஒரு பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

கபனை எடுத்து வைப்பது தவறா?

நம் மூதாட்டிகள் பலருடைய ட்ரங்குப் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம் இருக்கும். ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த கபன் துணி. மருமகள்கள் அதைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். "வீட்டுக்குள் இதை வைக்கலாமா ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்டவர்களும் உண்டு.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் புகாரியில் உள்ளது. ஒரு பெண்மணி தம் கையாலேயே நெய்த ஒரு போர்வையை நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். நாயகம் (ஸல்) அவர்களுக்கும் அது தேவையாக இருந்தது. அதை உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு தோழர் அது அழகாயிருக்கிறதென்று கூறி, அதைத் தமக்குத் தரும்படி கேட்டுவிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டவருக்கு மறுக்காதவர்கள், கொடுத்துவிட்டார்கள். மற்ற தோழர்கள் அவரைக் கடிந்துகொண்டபோது, உடுத்துவதற்காக நான் கேட்கவில்லை, அது என் கபனாக வேண்டும் என்பதற்காகவே கேட்டேன் என்றார் அவர். பிற்பாடு அதுவே அவருக்குக் கபனாயிற்று. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் தம் கபனைத் தயார் செய்து வைத்தது ஆட்சேபிக்கப்படவில்லை என்பதையே இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸுக்குத் தலைப்பாகவும் இட்டிருக்கிறார்கள். எனவே பெட்டியின் அடியில் இருக்கும் அந்தப் பொட்டலத்தைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அதே சமயம், கபன் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 13இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் எத்தனை துணிகளில் கபனிடப்பட்டார்கள் என்று தம் மகளார் ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். மூன்று என்று பதில் வந்தது. தாம் உடுத்தியிருந்த பழைய ஆடையையே துவைத்து, அதனுடன் இரண்டு துணிகளைச் சேர்த்துக் கபனிடும்படி வஸிய்யத்துச் செய்தார்கள். இது பழையதாயிற்றே என்று மகளார் கூறியதற்கு, புதுத்துணிக்கு உயிரோடிருப்பவர்களே அதிக உரிமையுள்ளவர்கள் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். முஸ்லிம் உம்மத்தின் முதல் கலீபாவின் கடைசி ஏற்பாடு இது.

தொண்ணூறை நெருங்கிய ஒரு மூதாட்டியை நாம் அறிவோம். ஒவ்வொரு ரமளானுக்கு முன்பும் தம் கபனை வெயிலில் காயப்போட்டு மடித்து வைப்பார். குளிப்பாட்டுவதற்கு இரண்டு பெண்களின் பெயரைச் சொல்லியிருந்தார். அவர்களில் ஒருவர் மௌத்தானதும் வேறு பெயரை மாற்றிச் சொன்னார். அடக்கச் செலவுக்கு யாரிடமும் கை நீட்டக் கூடாதென்று ஒரு துணி முடிச்சில் பணம். அவர் சொல்லச் சொல்லப் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். எழுதி முடித்த அன்று, "இனி எனக்கு ஒரு வேலையும் இல்லை, தஸ்பீஹ் மட்டும்தான்" என்றாராம். அதன்பின் பல ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தார்.

வஸிய்யத்து எழுதினால் ஆயுள் குறையுமா?

வஸிய்யத்து என்றாலே மௌத்தை வரவழைப்பதுபோலப் பயப்படுகிறோம். சற்றுமுன் நாம் குறிப்பிட்ட ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் சரித்திரமே இந்தப் பயத்துக்குப் போதிய பதில். ஹிஜ்ரி 10இல் இறுதி ஹஜ்ஜின்போது அவர்கள் மக்காவில் கடும் நோய்வாய்ப்பட்டார்கள். பிழைக்க மாட்டோம் என்று எண்ணினார்கள். அப்போது அவர்களுக்கு வாரிசாக இருந்த பிள்ளை ஒரே மகள்தான். நலம் விசாரிக்க வந்த நாயகம் (ஸல்) அவர்களிடம், என் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்துவிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள். பாதியை? வேண்டாம். மூன்றில் ஒன்றை? மூன்றில் ஒன்று போதும், அதுவும் அதிகமே என்று அனுமதித்தார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேலானது என்றும் விளக்கினார்கள்.

மௌத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசிய அந்த நோயாளி என்ன ஆனார்? குணமடைந்தார். காதிஸிய்யாப் போரில் முஸ்லிம் படைக்குத் தலைமை தாங்கினார். மேலும் மக்களைப் பெற்றார். ஏறத்தாழ 45 ஆண்டுகள் வாழ்ந்து, ஹிஜ்ரி 55 வாக்கில் மதீனாவுக்கு அருகில் வபாத்தானார். அப்போதும் தமக்கு எப்படிக் கப்ரு அமைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டே சென்றார்கள்: நாயகம் (ஸல்) அவர்களுக்குச் செய்யப்பட்டதுபோல உட்குழி வெட்டி, பச்சைச் செங்கற்களை நிறுத்தி மூட வேண்டும் என்று. இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களோ இன்னும் ஒரு படி மேலே. வஸிய்யத்துச் செய்ய வேண்டிய பொருள் ஏதேனும் உள்ள முஸ்லிம், அது எழுதப்பட்டுத் தன்னிடம் இல்லாத நிலையில் இரண்டு இரவுகள் தங்குவது தகாது என்ற நபிமொழியை இளமையில் கேட்டார்கள். அன்று முதல் ஒரு இரவுகூடத் தம் வஸிய்யத்து தம்மிடம் இல்லாமல் கழிந்ததில்லை என்று சொன்னார்கள். உஹதுப் போரின்போது 14 வயதாயிருந்த அவர்கள் ஹிஜ்ரி 73 அல்லது 74இல் எண்பது வயதைக் கடந்து வபாத்தானார்கள். அப்படியானால் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அந்த வஸிய்யத்து அவர்களுடன் இருந்திருக்கிறது! எழுதி வைத்ததால் ஆயுள் குறைந்தவர் எவருமில்லை. அஜல் அல்லாஹ்விடம் குறிக்கப்பட்டது. நம் பேனாவுக்கு அதை முன்னுக்குக் கொண்டுவரும் சக்தி கிடையாது.

மூன்று விரல்கள்

சொல்ல விடாததனால் என்ன நேரும் என்பதற்கு நாம் கண்ட ஒன்றைக் கூறுகிறோம். மளிகைக் கடை வைத்து நேர்மையாக வாழ்ந்த ஒரு பெரியவர். எண்பத்து நான்கு வயது. கணக்கு நோட்டைவிட ஞாபகத்தை நம்பிய காலத்து மனிதர். பலமுறை தம் மூத்த மகனை அழைத்து, "கொஞ்சம் உட்காரு, சில விஷயம் சொல்லணும்" என்றிருக்கிறார். மகனும், "இப்ப என்ன அவசரம் அத்தா?" என்று எழுந்து போயிருக்கிறார். ஒரு நாள் பக்கவாதம் வந்து பெரியவரின் நாவு கட்டிக்கொண்டது. பன்னிரண்டு நாள் படுக்கையில் இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் மகனைக் கண்டபோதெல்லாம் இடது கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டினார்.

மூவாயிரமா? மூன்று பேருக்குக் கடனா? மூன்று நோன்பா? மூன்றாவது மகளைப் பற்றியா? ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இல்லை என்று தலையசைப்பார். மறுபடி மூன்று விரல்கள். கண்ணிலிருந்து நீர் வழியும். ஜனாஸாத் தொழுகைக்கு முன், கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் வந்து கேட்கும்படி அறிவித்தார்கள். எவரும் வரவில்லை. அந்த மூன்றுக்குப் பொருள் என்னவென்று இன்றுவரை தெரியாது. "எத்தனை தடவை சொல்ல வந்தாங்க ஹஜ்ரத்! காது கொடுக்காம போயிட்டேனே" என்று அந்த மகன் நம்மிடம் அழுதார்.

அவருக்கு நாம் சொன்ன ஆறுதல் புகாரியில் வரும் ஒரு நபிமொழி: திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன் பிறர் பொருளை வாங்கியவருக்காக அல்லாஹ்வே அதை நிறைவேற்றி வைப்பான் என்ற கருத்துடையது. தந்தையின் எண்ணம் அல்லாஹ்வுக்குத் தெரியும். தந்தையின் சார்பில் தர்மம் செய்யுங்கள், அவருக்காக துஆச் செய்யுங்கள் என்றும் கூறினோம். ஆனால் சகோதரர்களே, இந்த ஆறுதல் தேவைப்படாத நிலையை நாம் நம் வீட்டில் ஏற்படுத்திக்கொள்ளலாமே!

கடன் விஷயத்தில் மார்க்கம் எவ்வளவு கடுமையானது தெரியுமா? ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அவருக்கு மூன்று தீனார் கடன் இருப்பதையும், அதை அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்பதையும் அறிந்து, உங்கள் தோழருக்கு நீங்களே தொழுவியுங்கள் என்று கூறிவிட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தக் கடன் என் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) அவர்கள் ஏற்ற பிறகே தொழுவித்தார்கள். பிற்காலத்தில், அல்லாஹ் வெற்றிகளைத் தந்தபின், ஏழையாக இறந்தவர்களின் கடனைத் தாமே ஏற்றார்கள். சொத்தைப் பங்கிடுவதற்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது திருமறையின் நிஸா ஸூரா வகுத்த சட்டம்.

கடன்களில் நாம் கடன் என்றே எண்ணாதது ஒன்றுண்டு. மனைவியின் மஹர்! ஐம்பது, அறுபது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவிக்கு நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய மஹரைக் கொடுக்காமலேயே எத்தனை பெரியவர்கள் மௌத்தாகிறார்கள்! ஜனாஸா வீட்டில் இருக்கும்போது, அழுதுகொண்டிருக்கும் அந்த மூதாட்டியிடம் போய், "மஹரை மன்னிச்சேன்னு சொல்லுங்க" என்று கேட்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. நாலு பேர் நடுவில், துக்கத்தின் உச்சியில் அவள் வேறு என்ன சொல்வாள்? உயிரோடிருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். கொடுக்க இயலாவிட்டால் எழுதி வையுங்கள். அது அவளுடைய வாரிசுப் பங்கு அன்று. அதற்கு முன்னதாகத் தீர்க்க வேண்டிய கடன்.

பெரியவர்களும் கவனிக்க வேண்டியவை

இங்கே பெரியவர்களிடமும் சில வார்த்தைகளைப் பணிவுடன் கூறிக்கொள்கிறோம்.

முதலாவது, வாரிசுக்கு வஸிய்யத்து இல்லை. யாருக்கு எவ்வளவு என்று அல்லாஹ்வே பங்கிட்டுவிட்டான். "மகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, வீடு மகனுக்கு" என்று எழுதி வைப்பவர்கள் அல்லாஹ்வின் பங்கீட்டைத் திருத்துகிறார்கள். வஸிய்யத்து என்பது வாரிசு அல்லாதவர்களுக்கும் நற்காரியங்களுக்கும் உரியது. அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல். உங்களைப் பல ஆண்டுகள் பராமரித்த வேலைக்காரப் பெண், தகப்பனை இழந்ததால் பங்கு கிடைக்காமல் போகும் பேரன், ஊர் மத்ரஸா ஆகியோரை அந்த மூன்றில் ஒன்றில் நினைத்துப் பாருங்கள். உயிரோடிருக்கும்போது மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதானால் எல்லோருக்கும் நீதியாகக் கொடுங்கள். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்ததற்குச் சாட்சியாயிருக்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பதை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸிலிருந்து அறிகிறோம். மரண நோயில் கொடுக்கும் அன்பளிப்பும் வஸிய்யத்தின் சட்டத்துக்கே உட்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, உள்ளதையெல்லாம் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்க வேண்டாம். எழுதி வாங்கியபின் முகம் மாறும் பிள்ளைகளும் உலகில் இருக்கிறார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்துச் செய்ய நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தில் வழி உண்டு. ஆனாலும் பெற்ற மகனோடு வழக்காடும் நிலை எதிரிக்கும் வேண்டாம். வங்கியில் ஒரு பிள்ளையின் பெயரை நாமினியாகப் போட்டிருந்தால், அந்தப் பணம் அவனுக்கு மட்டும் சொந்தமன்று, எல்லா வாரிசுகளுக்கும் உரிய அமானிதம் என்பதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, தர்மத்தைத் தொண்டைக்குழிவரை தள்ளிப்போட வேண்டாம். உடல் நலத்தோடும், பொருளாசையோடும், வறுமை வந்துவிடுமோ என்ற அச்சத்தோடும் இருக்கும்போது கொடுப்பதே சிறந்த தர்மம் என்றும், உயிர் தொண்டையை அடைந்தபின் இன்னாருக்கு இவ்வளவு என்பதில் பயனில்லை, அது அப்போது பிறருடையதாகிவிட்டது என்றும் நபிமொழியின் கருத்து அமைந்திருக்கிறது.

நான்காவது, மௌத்துக்குத் தயாராவது வேறு; மௌத்தை விரும்பிக் கேட்பது வேறு. "அல்லாஹ் என்னை இன்னும் கூப்பிடலையே" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். துன்பம் வந்ததற்காக மௌத்தை ஆசைப்படக் கூடாது. அவசியமானால், வாழ்வு எனக்கு நன்மையாக இருக்கும்வரை வாழச் செய், மௌத்து நன்மையாக இருக்கும்போது மௌத்தாக்கு என்று இறைவனிடம் கேட்கட்டும் என்பதே நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இதை அறிவித்த அனஸ் (ரலி) அவர்களே நூறாண்டு வாழ்ந்தவர்கள். தள்ளாத வயதில் நோன்பு வைக்க இயலாமற் போனபோது அவர்கள் மனம் ஒடிந்துவிடவில்லை. ஒவ்வொரு நாளைக்கும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்து உணவளித்தார்கள். வபாத்தாகும் வேளையில், தாம் போற்றிப் பாதுகாத்த ஒரு நறுமணத்தைத் தம் கபனுக்குரிய வாசனைப் பொருளில் கலக்கும்படி வஸிய்யத்துச் செய்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் வியர்வை கலந்த நறுமணம் அது! பத்து வயதில் பணிவிடைக்கு வந்த சிறுவனின் நேசம், நூறு வயதில் கப்ருவரை கூடவே போயிற்று.

பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்?

பெரியவர் அடுத்த முறை "நான் மௌத்தான பிறகு" என்று தொடங்கும்போது எழுந்து போகாதீர்கள். உட்காருங்கள். "சொல்லுங்க வாப்பா, அல்லாஹ் உங்க ஹயாத்தை நீட்டி வைக்கட்டும், நீங்க சொல்றதை எழுதிக்கறேன்" என்று சொல்லுங்கள். அவர் தாமாகத் தொடங்காவிட்டால், நீங்கள் உங்களைக் கொண்டு தொடங்குங்கள். "நான் என் வஸிய்யத்தை எழுதப் போறேன் வாப்பா, எப்படி எழுதணும்?" என்று கேளுங்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் எழுதியது வாலிபத்தில்தானே! மௌத்து வயதைக் கேட்டு வருவதில்லை. இப்படிக் கேட்டால், முதியவருக்குத் தம்மை அனுப்பி வைக்க அவசரப்படுகிறார்கள் என்ற வருத்தமும் வராது.

யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், யாருடைய அமானிதம் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். விடுபட்ட நோன்பு, ஜகாத், நிறைவேற்றாத ஹஜ்ஜு, நேர்ச்சை ஏதும் உண்டா என்று கேளுங்கள். இவற்றின் சட்டத்தில் ஷாபிஈ, ஹனபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள். யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் மனம் தேடுகிறதோ, அவரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். எழுதியதை நம்பிக்கையான இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். கேட்டதைப் பின்னால் மாற்றுகிறவர் மீதே அதன் பாவம் சாரும் என்ற திருமறையின் எச்சரிக்கையை மறவாதீர்கள்.

மருத்துவத்தைப் பற்றியும் கேட்டு வையுங்கள். பல முதியவர்கள் வீட்டிலேயே, கலிமா சொல்லிக் கொடுக்கும் குரல் காதில் விழும்படி கண்மூட விரும்புகிறார்கள். உயிரை மாய்க்கும் எதையும் மார்க்கம் அனுமதிக்கவில்லை. ஆனால் பலன் தராது என்று நம்பிக்கையான மருத்துவர்கள் உறுதியாகக் கூறும் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பது கட்டாயமில்லை என்று ஆலிம்கள் பலர் விளக்கியுள்ளார்கள். இத்தகைய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்க நம் உச்ச நீதிமன்றம் 2018இல் வழி செய்தது; 2023இல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. முடிவெடுக்கும் நேரத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, பெரியவர் நினைவோடிருக்கும்போதே ஆலிமையும் மருத்துவரையும் கலந்து பேசிக்கொள்வது நல்லது.

ஜனாஸாவைத் துரிதப்படுத்துவது நபிவழி. வெளிநாட்டில் இருக்கும் மகன் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக நாள்கணக்கில் காத்திருப்பதா என்பதைப் பெரியவரே தீர்மானித்துச் சொல்லட்டும். "எனக்காகக் காக்க வேண்டாம், எங்கிருந்தாலும் துஆச் செய்" என்று தகப்பனே மகனிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டால், பின்னால் எந்த மகனும் எந்தச் சகோதரனையும் குறை சொல்ல மாட்டான்.

கடைசி நேரத்தில் கலிமாவை மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள், நச்சரிக்காதீர்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்தைப் பற்றிப் பேசுங்கள். அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணம் கொண்ட நிலையிலேயே ஒருவர் மௌத்தாக வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தம் வபாத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் கூறியதை ஜாபிர் (ரலி) அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மரணத் தறுவாயில் சுவரை நோக்கித் திரும்பி நெடுநேரம் அழுதார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குக் கூறிய நற்செய்திகளை எடுத்துச் சொல்லித் தேற்றியவர் அவர்களுடைய மகன்தான். என்னை அடக்கியபின் ஓர் ஒட்டகத்தை அறுத்து இறைச்சியைப் பங்கிடும் நேரம்வரை என் கப்ரருகே நில்லுங்கள், உங்களால் என் மனம் ஆறுதல் அடையும் என்றும் வஸிய்யத்துச் செய்தார்கள். எகிப்தை வென்ற தளபதி கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: சிறிது நேரம் கூட நில்லுங்கள்!

நம் வீட்டு முதியவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். கப்ரருகே நிற்பதற்கு முன், அவர்களின் நாற்காலியருகே சிறிது நேரம் உட்காருவோம். நாவு பேசும்போதே கேட்போம். கை எழுதும்போதே எழுதுவோம்.

வல்ல நாயன் நம் பெரியவர்களின் ஹயாத்தில் பரக்கத்துச் செய்வானாக! தள்ளாமையின் இழிவைவிட்டும், கடனின் சுமையைவிட்டும் அவர்களைக் காப்பானாக! அவர்களுக்கும் நமக்கும் கலிமாவுடன் கூடிய முடிவை நஸீபாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.